வயசம்மாவும் ஆற்றங்கரைக் கழுதையும்

செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளுகிறார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போடுகிறார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கிறார், கொதிக்கிற பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குகிறவரைப் போல. பிறகு திரையைப் பார்த்து, "சரி, வாங்கடா" என்கிறார். கத்தியும் கோடாலியுமாக அவர்கள் வருகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வயசம்மா செத்துப்போகிறார். "இரு, இரு, நான் இன்னும் ரெடியாகலை" என்று திரையிடம் நியாயம் கேட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பிக்கிறார்.

இதுதான் அவருடைய உத்தியோகம். நம்பாதவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து பார்க்கலாம். வெளிநாட்டில் தயாராகும் எந்த வீடியோ கேமும் இந்த நாட்டுக் கடைகளில் விற்கப்படுவதற்கு முன்னால், எந்த வயதுப் பிள்ளைகள் அதை ஆடலாம் என்று எங்கள் அலுவலகம் சொல்ல வேண்டும். ஏழு, பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டு. கேம் டப்பாவின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அந்த எண் இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. அந்த எண்ணைப் போடுகிறவர் என்பதால் அவர் வயசம்மா. ஐம்பதைத் தாண்டியவர். நெற்றிக்கு மேலே மட்டும் நரைத்திருக்கும். அவருடைய கணவர் கண் பரிசோதகர். வீட்டில் இரண்டு பேருமே எழுத்தையும் எண்ணையும் காட்டிப் பிழைக்கிறவர்கள். எனக்கும் வயசம்மாவுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அவர் போடுகிற எண்ணைச் சான்றிதழில் தட்டச்சு செய்து அனுப்புவது என் வேலை. ஆகவே அவருடைய சாவுகள் அத்தனையும் எனக்குக் காதுவழியாகத் தெரியும்.

வேலை அவருக்கு ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. பேருந்தில் இரண்டு பேர் இருக்கைக்காகச் சண்டை போட்டால், "பன்னெண்டு" என்று என் காதில் சொல்வார். சண்டை அப்பா அம்மா வரைக்கும் போனால் "பதினாறு ஆயிடுச்சு" என்பார். மேலாளர் மாதக் கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் கத்துவது பதினெட்டு. புதிதாகச் சேர்ந்த பெண் தன் காதலனைப் பற்றிச் சொன்ன கதையை முழுதும் கேட்டுவிட்டு, "ஏழுதான், பயப்படாதே" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

எங்கள் தொலைபேசி அடித்தால் பெரும்பாலும் ஒரே கேள்வி. "பக்கத்து நாட்டுல வந்து எவ்வளவு நாளாச்சு, இங்க மட்டும் ஏன் இன்னும் வரலை?" கேட்பவரின் குரலில் நாங்கள் அந்த கேமைப் பெட்டியில் வைத்துப் பூட்டி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்ற கோபம் இருக்கும். உண்மையில் ஒரு கேம் ஒரு நாட்டில் ஒரு தேதியிலும் இன்னொரு நாட்டில் இன்னொரு தேதியிலும் வருவதற்கு ஆயிரம் சில்லறைக் காரணங்கள். பேச்சை மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தால் வாக்கியம் நீண்டு, திரையில் அதற்கென்று விட்ட கட்டத்துக்கு வெளியே தொங்கும், அதை வெட்ட வேண்டும். குரல் கொடுக்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். டப்பா அச்சாக வேண்டும், சரக்கு கப்பலேற வேண்டும். அதே வாரத்தில் பெரிய கேம் ஒன்று வந்தால் சின்ன கேம் பயந்து அடுத்த மாதத்துக்கு ஒதுங்கும். இத்தனையும் தாண்டி வந்தால் கடைசியில் நாங்கள்.

"எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே வயசு போட்டுட்டா என்ன?" என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டேன். வயசம்மா சிரித்தார்.

"ஒரு வீட்டுல பிள்ளைங்க முன்னாடி சண்டை போடுவாங்க, கட்டிப்பிடிக்க மாட்டாங்க. அடுத்த வீட்டுல கட்டிப்பிடிப்பாங்க, சத்தம் போட்டுப் பேச மாட்டாங்க. ரெண்டு வீடும் நல்ல வீடுதான். ஒரு நாட்டுல ரத்தம் பச்சையா இருந்தா விட்டுடுவாங்க. இன்னொரு நாட்டுல எலும்பைக் காட்டினா ஆகாது. நம்ம ஊருல சூதாட்டம் வந்தா மூக்கு வேர்க்கும். என்ன பண்றது, அவங்கவங்க வயிறு அவங்கவங்களுக்கு."

மற்ற பரிசோதகர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. கேம் கம்பெனிக்காரர்களே அதில் உள்ள மிக மோசமான இடங்களைத் தொகுத்து ஒரு வீடியோவாக அனுப்புவார்கள். அதைப் பார்த்துவிட்டு எண்ணைப் போட்டுவிடலாம். விதிமுறையும் அதை அனுமதிக்கிறது. வயசம்மா அந்த வீடியோவைத் தொட மாட்டார். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரைக்கும் தானே ஆடித்தான் தீருவார். ஆட்டமோ, பார்க்கச் சகிக்காது. விரல் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். ஓட வேண்டிய இடத்தில் குனிவார், குனிய வேண்டிய இடத்தில் குதிப்பார். வில்லனை அடித்துவிட்டால் "ஐயோ, பட்டுடுச்சா?" என்று கேட்பார். இதனால் எங்கள் நாட்டில் சில கேம்கள் தாமதமாக வந்திருக்கின்றன. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"எதுக்குக்கா இந்தப் பாடு? வீடியோதான் அனுப்புறாங்களே" என்றால், "படத்துல ஒருத்தன் சுடுறான், நான் பார்க்கிறேன். அது வேற. இதுல நான்தானே அமுக்குறேன்?" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். "கை செய்யறதைத்தான் பார்க்கணும். கண்ணு பார்க்கிறதுக்கு சினிமா ஆபீஸ் இருக்கு."

இந்தக் கைப்பழக்கம் அவருக்கு வந்ததே தம்பியால்தான். அவருக்கு ஒரே தம்பி. சின்ன வயதில் அவனுக்கு ஆடத் துணை இல்லாதபோதெல்லாம் அக்காவை இழுத்து உட்காரவைப்பானாம். அக்கா முதலில் சாவதற்கென்றே சேர்த்துக்கொள்ளப்பட்ட ஆள். இப்போது அந்தத் தம்பிக்கும் நாற்பதுக்கு மேல் ஆகிவிட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிரில் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறார். அக்கா இந்த வேலையில், தம்பி அந்தத் தொழிலில் என்றால் ஊர் என்ன நினைக்கும்? நினைத்துக்கொள்ளட்டும், நடந்தது நேர் எதிர். எந்த கேம் யார் மேசையில் இருக்கிறது என்று வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவார். எதிரெதிரே உட்கார்ந்து மழை, வெயில், முழங்கால் வலி என்று எல்லாம் பேசுவார்கள். இருவரும் நாள் முழுக்க எதில் கிடக்கிறார்களோ அதை மட்டும் பேச மாட்டார்கள்.

போன வருடம் அந்தக் கழுதை கேம் வந்தது.

பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் கொடுக்கலாம் போலிருக்கும். மலைநாட்டில் ஒரு சிறுமி, அவளிடம் ஒரு கழுதை. இருவரும் மூட்டைகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. பின்னணியில் மணிச்சத்தம். கழுதைக்கு ஆடுகிறவரே பெயர் வைக்க வேண்டும். வயசம்மா "சோம்பேறி" என்று வைத்தார். அன்றிலிருந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே கொஞ்சல். "வாடா சோம்பேறி. பசிக்குதாடா சோம்பேறி? இந்தா, இந்தப் புல்லைத் தின்னு." அந்த வழியாகப் போன கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் நின்று தன்னைத்தானா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பக்கத்து நாட்டில் இதற்கு ஏழு கொடுத்துவிட்டார்கள். கேம் அங்கே வெளியாகி, பிள்ளைகளெல்லாம் ஆடி, இணையத்தில் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகழ் எல்லை தாண்டி இங்கே வந்து சேர்ந்தது; கேம்தான் வரவில்லை. எங்கள் நாட்டுக்கு அதை இறக்குமதி செய்யும் விநியோகஸ்தர் ஒரு காரியம் செய்திருந்தார். அங்கே ஏழு என்றால் இங்கேயும் ஏழாகத்தான் இருக்கும் என்று நினைத்து, எங்களிடம் கேட்காமலே எல்லா டப்பாக்களிலும் ஏழு என்று அச்சடித்துக் கிடங்கில் அடுக்கிவிட்டார். பள்ளி விடுமுறை ஆரம்பிக்கிற அன்று கடைகளில் இருக்க வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

தம்பிக்கு அதைவிட அவசரம். அவருடைய கடை சில வருடங்களாகவே ஆட்டம் கண்டிருந்தது. ஜனங்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் வாங்கப் பழகிவிட்டார்கள். கடையின் குத்தகை விடுமுறையோடு முடிகிறது; இந்த ஒரு கேம் விடுமுறைக்கு வந்துவிட்டால் தாக்குப்பிடித்துவிடலாம், இல்லையென்றால் கடையை முழுசாக வைத்திருக்க முடியாது. இதை அவர் அக்காவிடம் நேராகச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னாராம்:

"உங்க ஆபீஸ்ல எந்தக் கழுதை அக்கா அதை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "கையைத் துடைச்சுக்கோ" என்று துண்டை மட்டும் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் முதல் வேலையாக மேலாளரிடம் போய், "என் தம்பி கேம் கடை வச்சிருக்கான். இந்த கேமை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க" என்று கேட்டார். மேலாளர் வயதில் சின்னவர், கழுத்துப்பட்டையை எப்போதும் தளர்த்திக்கொண்டே இருப்பார்.

"உங்க தம்பி கடை வச்சிருக்கிறது ஊருக்கே தெரியும் மேடம். இத்தனை வருஷத்துல அவருக்குச் சாதகமா ஒண்ணாவது செஞ்சிருக்கீங்களா? அவருக்கு வருத்தமே அதானாம். போய் முடிச்சுக் கொடுங்க, போதும்."

முடிக்கத்தான் முடியவில்லை. கதையில் பாதிக்கு மேல் போனால் ஒரு ஆறு வருகிறது. வெள்ளம். சிறுமி இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை கழுதையின் கழுத்தில். நடு ஆற்றில் கழுதை கால் தவறுகிறது. கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கலாம்; பிறகு இரண்டு பேரையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும், பழையபடி கரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வயசம்மா தன் கையைத்தான் சந்தேகப்பட்டார். எதற்குத்தான் இந்தக் கை உருப்படியாக விளையாடியிருக்கிறது? மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு இறங்கிப் பார்த்தார். ஆற்றின் மேல்பக்கம் நடந்து, ஆழமில்லாத இடம் தேடினார். கழுதைக்கு வயிறு நிறையப் புல் போட்டுப் பார்த்தார். மழை நிற்கும் என்று கரையில் சும்மா காத்திருந்தார். கேமில் மழை நிற்பதாக இல்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு வெள்ளச் சத்தமும், அதற்குப் பிறகு "போச்சு" என்ற குரலும் கேட்கும். "வாடா சோம்பேறி, இன்னொரு தடவை." ஒரு வாரம் அப்படிப் போனது. அடுத்த வாரமும் போனது. நாட்டில் உள்ள பிள்ளைகளெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் அலுவலகத்தில் ஒரு அம்மாள் கழுதையை அக்கரை சேர்க்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் நான் தடுப்பைச் சுற்றிப் போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். கழுதை தடுமாறியதும் திரையின் மூலையில் ஒரு பட்டனின் படம் மின்னியது. அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கத்தி.

"அக்கா, அந்த பட்டன் எதுக்கு?"

"அது கயிறை அறுக்கிறதுக்கு" என்றார் வயசம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது சும்மா பயமுறுத்துறதுக்குப் போட்டிருக்கான். கழுதையைக் கூட்டிட்டுப் போக வழி வச்சிருப்பான். எனக்குத்தான் வர மாட்டேங்குது."

எனக்கு என்னவோ போலிருந்தது. விநியோகஸ்தரைக் கூப்பிட்டேன், கேமை உருவாக்கியவர்களிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் மறுநாள் திருப்பிக் கூப்பிட்டார். வழி இல்லையாம். கயிற்றை அறுத்தால்தான் கதை நகருமாம். அந்த இடத்தில் அழாதவர்களே இல்லையாம், அதற்காகவே அப்படி வைத்தோம் என்று பெருமையாகச் சொன்னார்களாம். பக்கத்து நாட்டில் பரிசோதித்தவர்கள் கம்பெனி அனுப்பிய தொகுப்பு வீடியோவை மட்டும் பார்த்திருக்கிறார்கள். சண்டையோ ரத்தமோ இல்லாத கேமில் தொகுக்க என்ன இருக்கிறது? மலையும் மணிச்சத்தமும்தான் அதில் இருந்திருக்கும்.

நான் சொன்னதைக் கேட்ட வயசம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு திரைப்பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோடா" என்று சொல்லி பட்டனை அமுக்கினார். சத்தத்தைக் குறைத்துவைத்திருந்தார். ஆனாலும் கழுதை கத்தியது எனக்குக் கேட்டது. மிச்ச ஆட்டத்தை அவர் ஒரே மூச்சில் முடித்தார். அதற்குப் பிறகு அதில் கஷ்டமான இடம் எதுவும் இல்லை.

வயசம்மா பன்னிரண்டு போடப்போகிறார் என்று தெரிந்து மறுநாள் விநியோகஸ்தரே நேரில் வந்துவிட்டார், கையில் அச்சடித்த டப்பாவோடு. மேலாளரின் அறையில் எங்கள் நான்கு பேருக்கும் தேநீர் வந்தது. யாரும் தொடவில்லை.

"அக்கா, நீங்க ஏழுன்னு சொன்னீங்கன்னா இன்னைக்கே வண்டி கிளம்பும். லீவுக்குக் கடையில இருக்கும். மாத்திட்டீங்கன்னா நான் ஸ்டிக்கர் அடிக்கணும், மறுபடியும் தேதி வாங்கணும், லீவே முடிஞ்சிடும்" என்றார் விநியோகஸ்தர்.

"எனக்குத் தெரியும்" என்றார் வயசம்மா. யாரை நினைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரிந்தது.

மேலாளர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "ஏழுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல அஞ்சு வருஷம்தானே மேடம்? ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. பிள்ளைங்க அழும், அவ்வளவுதானே? அழட்டுமே."

"அழுறதுல என்ன தப்பு? அழட்டும். கதை சொல்லி அழவச்சா நானும் கூட உட்கார்ந்து அழுவேன். இதுல அந்தப் பிள்ளை கையில கத்தியைக் கொடுத்து, வளர்த்ததை நீயே விடுன்னு சொல்றான். விடாட்டி ஆட்டமே கிடையாதுங்கிறான்." அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "உன் பொண்ணுக்கு என்ன வயசு?"

"எட்டு நடக்குது."

"இதை வாங்கிக் கொடுப்பியா?"

நான் உண்மையைச் சொன்னேன். "கொடுத்திருப்பேன்கா. ஏழுன்னு போட்டிருக்கு, கழுதைப் படம் போட்டிருக்கு. கொடுத்துட்டு நான் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்."

"அதான். நீ போயிடுவ. அவ ஆத்தங்கரையில தனியா நிப்பா."

விநியோகஸ்தர் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். வயசம்மா என்னோடு வந்து என் மேசையருகே நின்றுகொண்டு, நான் பன்னிரண்டு என்று தட்டச்சு செய்வதைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு தன் இடத்துக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, மணி அடிப்பதற்கு முன்னாலேயே வீட்டுக்குக் கிளம்பினார். நான் பார்த்தவரைக்கும் அப்படி அவர் கிளம்பியது அந்த ஒரு நாள்தான். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. சொந்தத் தம்பி. ஒரே ஒரு எண். யார் கேட்கப்போகிறார்கள்?

விடுமுறை வந்தது, போனது. தம்பியின் கடையில் "விரைவில்" என்ற விளம்பரத் தட்டி வெயிலில் வெளுத்தது. சான்றிதழில் பரிசோதகரின் பெயர் இருக்காது. ஆனால் தம்பி அக்காவைத் தெரியாதவரா? தொலைபேசியில் கூப்பிட்டு, "பன்னெண்டு போட்டது நீதானே?" என்று கேட்டிருக்கிறார். அக்கா இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. தம்பி போனை வைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வயசம்மா ஒவ்வொரு வாரமும் அவருக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டு, திங்கட்கிழமை மதியம் அதையே டப்பாவில் கொண்டுவந்து எனக்கும் கொடுப்பார். நன்றாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் பேருந்துச் சண்டைக்குக்கூட அவர் வயது போடவில்லை.

கேம் ஒருவழியாகக் கடைகளுக்கு வந்தது. விநியோகஸ்தர் செலவைக் குறைக்க, ஸ்டிக்கர் தாள்களை டப்பாக்களோடு கடைகளுக்கே அனுப்பிவிட்டார். கடைக்காரரே ஏழின் மேல் பன்னிரண்டை ஒட்டிக்கொள்ள வேண்டும், ஒட்டாமல் விற்கக் கூடாது. அன்று வயசம்மா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். "நீயும் வா. தனியா போக பயமா இருக்கு" என்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர், சொந்தத் தம்பி கடைக்குப் போக.

கடை பாதியாகியிருந்தது. நடுவில் கண்ணாடித் தடுப்பு போட்டு, அந்தப் பக்கத்தைச் செல்போன் பழுது பார்க்கிற ஒருவருக்கு விட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் மூலையில் டப்பாக்கள், அவற்றின் மேல் பிரிக்காத ஸ்டிக்கர் தாள்கள். தம்பி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த திரையில் அந்த கேமைத்தான் ஆடிக்கொண்டிருந்தார். அக்காவைப் போலவே நெற்றிக்கு மேலே மட்டும் நரை.

"ஸ்டிக்கர் ஒட்டலையாடா?" என்றார் வயசம்மா.

தம்பி திரும்பவில்லை. "நீ போட்ட வயசு. நீயே ஒட்டு."

வயசம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார், ஒரு தாளைப் பிரித்தார், முதல் டப்பாவை மடியில் வைத்து ஒட்ட ஆரம்பித்தார். நான் உதவிக்குக் குனிந்தேன். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். நான் கண்ணாடித் தடுப்பில் சாய்ந்துகொண்டு திரையைப் பார்த்தேன்.

"அப்படி என்னதான் இருக்குன்னு காலையில இருந்து பார்க்கிறேன்" என்றார் தம்பி, திரையிடமே சொல்வதுபோல். "ஒரு மண்ணும் இல்ல. மலை, புல், கழுதை. இதுக்குப் பன்னெண்டாம்." அவர் ஆடுவதைப் பார்க்கவே அழகாக இருந்தது. சிறுமியும் கழுதையும் பாறைகளில் தாவித் தாவி ஏறினார்கள். அவர் தன் கழுதைக்கு "முதலாளி" என்று பெயர் வைத்திருந்தார்.

ஆறு வந்தது. கழுதை கால் தவறியது. மூலையில் பட்டன் மின்னியது. தம்பி அதைக் கவனிக்கவே இல்லை, வேறு எதையோ அமுக்கிக் கயிற்றை இழுத்தார். வெள்ளம் இரண்டு பேரையும் கொண்டுபோனது. "ச்சே" என்று மறுபடி இறங்கினார். மறுபடி போனது. மூட்டைகளை இறக்கிவைத்தார். ஆற்றின் மேல்பக்கம் ஓடி, ஆழமில்லாத இடம் தேடினார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்று, பதில் கிடைக்காமல் போய்விட்டார்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பழுது பார்க்கிறவர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, கயிறை அறுத்து விட்டுட்டுப் போக வேண்டியதுதானே? அங்க பட்டன் காட்டுதே."

"இருங்க. வேற வழி இருக்கும்."

வயசம்மாவின் கட்டைவிரல் ஸ்டிக்கர் மேல் அப்படியே நின்றுவிட்டது. அவர் தலையைத் தூக்கவில்லை. தம்பி ஆற்றில் இறங்கிக்கொண்டே இருந்தார். பத்து விரலும் அவ்வளவு வேகமாக, அவ்வளவு சரியாக வேலை செய்தன. கழுதை அக்கரைக்கு ஒரு கை தூரம் வரை வந்து, அங்கேயும் மூழ்கியது. ஒரு கட்டத்தில் அவர் ஆடுவதை நிறுத்திவிட்டுக் கரையில் சும்மா நின்றார். மழை நிற்குமா என்று பார்த்தார் போலிருக்கிறது.

"அக்கா."

"ம்."

"வழி இருக்கா?"

"இல்லடா."

திரையில் சிறுமி கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. தம்பி கொஞ்ச நேரம் கன்ட்ரோலரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மெதுவாக மேசைமேல் வைத்தார். எழுந்து வந்து அக்காவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார், மிச்சமிருந்த ஸ்டிக்கர் தாள்களில் ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு டப்பாவை எடுத்து ஏழின் மேல் பன்னிரண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.